அடிக்கடி அறுபடும் இணையம்: எந்தத் தீர்வு எந்தக் கோளாறுக்கு?

வீட்டுக் கணினியில் இணையம் நன்றாக ஓடிக்கொண்டிருந்து, திடீரென்று இரண்டு நிமிடம் நின்று, தானாகவே திரும்பி வருகிறது என்று ஒருவர் சொன்னால், கேட்பவர்கள் ஆளுக்கொரு தீர்வைச் சொல்வார்கள். நெட்வொர்க் ரீசெட் செய்யச் சொல்வார் ஒருவர், டிஎன்எஸ்ஸை மாற்றச் சொல்வார் மற்றொருவர். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றுவது, ரிப்பீட்டர் வாங்குவது, கேபிள் இழுப்பது, கடைசியில் இணைப்பு நிறுவனத்தையே மாற்றுவது என்று பட்டியல் நீளும். இவை ஒவ்வொன்றும் எங்கோ ஒரு வீட்டில் பலித்தவைதான். ஆனால் கணினியை நெட்வொர்க்கோடு இணைக்கும் அடாப்டர், வீட்டுக்குள் சிக்னல் செல்லும் பாதை, மோடம் (வைஃபை தரும் ரவுட்டரும் பெரும்பாலும் இதே பெட்டிக்குள்தான்), அதிலிருந்து வெளியே போகும் ஃபைபர், தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் என்று இணைப்பில் ஐந்து கண்ணிகள் இருக்கின்றன. மேற்சொன்ன தீர்வு எதுவும் பெரும்பாலும் ஒரு கண்ணியை மட்டுமே தொடும். ஆகவே எந்தத் தீர்வு சிறந்தது என்று ஒப்பிடுவதற்கு முன், எந்தக் கண்ணி அறுகிறது என்பதைப் பார்த்தாக வேண்டும். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

முதலில், இணைப்பு அறுந்த அந்த நிமிடத்திலேயே, அதே வைஃபையில் இருக்கும் கைபேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். கைபேசியிலும் வரவில்லை என்றால் கணினியின் அமைப்புகளில் கை வைக்கவே வேண்டாம். கைபேசியில் வருகிறது, கணினியில் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு கணினியின் பக்கம் இருக்கலாம். எதுவானாலும் அடுத்த சோதனையையும் செய்து பாருங்கள்.

விண்டோஸில் இரண்டு கமாண்ட் பிராம்ட் சாளரங்களைத் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் மற்றொன்றில் 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கும், பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் (ping) கட்டளையை இடைவிடாமல் ஓடவிடுங்கள். ரவுட்டரின் முகவரி பெரும்பாலான வீடுகளில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையில் ‘டிஃபால்ட் கேட்வே’ என்ற வரியில் அது தெரியும். வைஃபை நலமாக இருக்கும்போது ரவுட்டரின் பதில் சில மில்லி விநாடிகளில் வந்துவிடும். அந்த எண் 3, 4 என்று போய்க்கொண்டிருந்து, 180, 640 என்று துள்ளி, பிறகு ‘ரெக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்று வரிசையாக விழுந்தால், கோளாறு கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவில்தான் இருக்கிறது. ‘ஜெனரல் ஃபெய்லியர்’ என்று வந்தால் கணினியின் அடாப்டரே இணைப்பை இழந்துவிட்டது என்று கொள்ளலாம். ரவுட்டர் பதில் தந்துகொண்டே இருக்க, 8.8.8.8 மட்டும் ஊமையானால் கோளாறு மோடத்துக்கு அப்பால். இரண்டும் பதில் தந்தும் தளம் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ்ஸைச் சந்தேகிக்கலாம். டிஎன்எஸ்ஸைச் சோதிக்க, தளத்தின் பெயருக்கு முன்கூட்டியே பிங் ஓடவிடுவது உதவாது. பெயர் தொடக்கத்தில் ஒருமுறைதான் எண்ணாக மாற்றப்படுகிறது. அறுந்த நிமிடத்தில் என்எஸ்லுக்அப் (nslookup) கட்டளையால் ஒரு பெயரைப் புதிதாகக் கேட்க வேண்டும்.

கணினிக்குள் செய்யத்தக்கவை

நெட்வொர்க் ரீசெட் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது. என் கருத்தில் அது இறுதியில் வர வேண்டியது. அது எல்லா நெட்வொர்க் அடாப்டர்களையும் நீக்கி மறுபடி நிறுவுகிறது, சேமித்த வைஃபை கடவுச்சொற்களை அழிக்கிறது, கையால் கொடுத்த முகவரிகளைப் பழைய நிலைக்குத் தள்ளுகிறது. வீட்டிலிருந்து அலுவலக நெட்வொர்க்கில் இணைய உதவும் விபிஎன் மென்பொருளை மீண்டும் நிறுவ நேரலாம். வைரஸ் எதிர்ப்பு மென்பொருளையோ விபிஎன்னையோ நீக்கிய பிறகு இணையம் அடியோடு வராமல் போனால் அது சரியான மருந்து. ஆனால் அமைப்பில் தவறு இருந்தால் இணையம் எப்போதுமே வராது; அரை மணி நேரம் ஓடி, இரண்டு நிமிடம் நின்று, தானே திரும்பும் கோளாறுக்கு அமைப்பைக் குறை சொல்வது பெரும்பாலும் பொருந்தாது.

அதைவிட எளியது மின்சேமிப்பை நிறுத்துவது. டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் பண்புகளைத் திறந்து, மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியைக் கணினி அணைக்கலாம் என்ற பொருள் தரும் பெட்டியில் உள்ள குறியை எடுத்துவிட்டால் போதும். சில புதிய மடிக்கணினிகளில் இந்தப் பக்கம் தெரியாது. தெரிந்தால் முதலில் செய்ய வேண்டியது இதுதான், ஏனெனில் பலிக்காவிட்டாலும் எதையும் கெடுக்காது. அடாப்டரை இயக்கும் மென்பொருளான டிரைவர் விஷயத்தில், தொல்லை விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கியிருந்தால் பழைய டிரைவருக்குத் திரும்புவதும், அப்படி இல்லையென்றால் கணினி தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதியதை நிறுவுவதும் முறை. எது காரணம் என்று ஊகிக்க வேண்டிய அவசியமும் இல்லை: விண்டோஸ் 10 முதல், நெட்ஷ் (netsh) கட்டளை வழியே வயர்லெஸ் அறிக்கை ஒன்றை எடுக்கலாம். கடந்த மூன்று நாள்களில் இணைப்பு எப்போது அறுந்தது, என்ன காரணம் பதிவானது என்பதை அது வரைபடமாகவே காட்டும்.

பழைய மேசைக் கணினியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால், ஒவ்வொரு முறை அணைத்து எழுப்பும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போகும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் அந்தத் தேதிக்குப் பொருந்தாததால் பிரவுசர் எதையும் திறக்க மறுக்கும். நெட் வரவில்லை என்று வீட்டில் சொல்லும் சில நாள்களில் குற்றவாளி அந்த நாணய அளவுப் பேட்டரிதான்.

டிஎன்எஸ் மாற்றம்

இணைப்பு நிறுவனத்தின் டிஎன்எஸ் அருகிலேயே இருப்பதால் வேகமாக இருக்க வேண்டும். அது தடுமாறும் நேரங்களில்தான் மற்றவை கைகொடுக்கின்றன. கூகுளின் 8.8.8.8 2009 முதலும், குவாட்9 அமைப்பின் 9.9.9.9 2017 முதலும், கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 2018 முதலும் கிடைக்கின்றன. முதலாவதும் மூன்றாவதும் கேட்ட பெயருக்கு விடை தருவதோடு நிற்கும். குவாட்9 தீங்கானவை என்று அறியப்பட்ட தளங்களைத் தடுக்கும். சிறுவர்களும் முதியவர்களும் பயன்படுத்தும் கணினிக்கு நான் அதையே விரும்புவேன். இரண்டாவது முகவரியாக வேறொரு நிறுவனத்தினுடையதைக் கொடுத்தால் ஒன்று விழுந்தாலும் மற்றது தாங்கும். ஆனால் குவாட்9-உடன் தடுப்பு இல்லாத ஒன்றைச் சேர்த்தால் அந்தப் பாதுகாப்புக்கு உறுதி இல்லை. எதைத் தேர்ந்தாலும், ரவுட்டருக்கான பிங்கே விழும் வீட்டில் டிஎன்எஸ்ஸை மாற்றி எந்தப் பயனும் இல்லை.

வைஃபையா, கேபிளா

பெரும்பாலான வீடுகளில் அறுவது இங்கேதான். ஃபைபர் எந்தச் சுவர் வழியாக உள்ளே வருகிறதோ அந்தச் சுவரிலேயே மோடத்தை மாட்டிவிட்டு ஊழியர் போய்விடுகிறார். அது வழக்கமாக முன் ஹாலில், டிவிக்குப் பின்னால். கணினியோ பின்னறையில் இருக்கிறது. நடுவே கம்பி கட்டிய கான்கிரீட் தூணும், சுவரோடு சாய்த்து வைத்த இரும்பு பீரோவும் நிற்கின்றன. இரும்புத் தகட்டைத் தாண்டி வைஃபை அலை செல்லாது. சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். மேசைக் கணினியில் வைஃபை டாங்கிளைப் பெட்டியின் பின்பக்கத்தில் செருகியிருந்தால், அந்தப் பெட்டியின் தகடும் ஒரு தடை. யூஎஸ்பி 3.0 கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும் என்பதால், வெளிப்புற ஹார்டு டிஸ்குக்குப் பக்கத்தில் டாங்கிள் இருப்பதும் கூடாது. ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு வயரால் டாங்கிளை மேசையின் மேல் கொண்டுவருவது, புதிய ரவுட்டருக்கு முன் செய்து பார்க்க வேண்டிய மிக மலிவான வேலை.

2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர்களை ஓரளவு ஊடுருவும். ஆனால் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அதில் 1, 6, 11 என்று மூன்றே. அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லா வீட்டு ரவுட்டரும் அந்த மூன்றுக்குள் நெருக்கியடிக்கின்றன, மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, வேகம் அதிகம், ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் தளர்ந்துவிடும். அதில் பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு. 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடாருடன் பகிரப்படுபவை. ரேடார் அலை போல ஏதேனும் பட்டால் ரவுட்டர் அந்தச் சேனலை உடனே விட்டு விலக வேண்டும், அதே வகையைச் சேர்ந்த வேறு சேனலுக்குப் போனால் குறைந்தது 60 விநாடி காத்திருந்து கேட்ட பிறகே ஒலிபரப்ப வேண்டும். எப்போதாவது ஒரு நிமிடம் எல்லாக் கருவிகளிலும் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் மறைந்து திரும்புகிறது என்றால் இதைச் சந்தேகித்து, சேனலை 36 முதல் 48-க்குள் நிலையாக வைத்துவிடுங்கள். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்தால் கணினி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவித் தாவி அறுபடவும் கூடும். தனித்தனிப் பெயர் கொடுத்தால் அந்தத் தாவல் நிற்கும்.

வைஃபை சிக்னலைக் கேட்டுத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் விலை குறைவு. ஆனால் கேட்பதற்கும் திருப்பிச் சொல்வதற்கும் ஒரே சேனலைப் பயன்படுத்தும் மலிவான வகையில் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். சிக்னல் வராத அறையிலேயே அதை மாட்டுவது பரவலான தவறு. வராத சிக்னலை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில் மாட்ட வேண்டும். பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் கருவிகள் இதைவிடச் சீராக இயங்கும், விலை பல மடங்கு, மாடி வீடுகளுக்கு அது நியாயமான செலவு. மின்வயர் வழியாக இணையத்தைக் கொண்டுபோகும் பவர்லைன் அடாப்டரை, மும்முனை இணைப்பும் இன்வர்ட்டரும் உள்ள நம் வீடுகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரே ஒரு கணினிதான் தொல்லை தருகிறது, அது ஓரிடத்தில் நிலையாக இருக்கிறது என்றால், இவை எல்லாவற்றையும்விடக் கேபிளே மேல் என்பது என் உறுதியான கருத்து. கேட்5இ அல்லது கேட்6 கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். அதில் ரவுட்டரின் பிங் பதில் 1 மில்லி விநாடிக்கும் குறைவாக, மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். சுவரைத் துளைக்கும் முன்பு நீளமான கேபிள் ஒன்றைத் தரையிலேயே போட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்க்கலாம் என்பதால், தீர்வே சோதனையாகவும் பயன்படுகிறது. மற்றவற்றைப் பணம் கொடுத்து வாங்கிய பிறகுதான் தெரியும். கேபிளிலும் கண் வைக்க வேண்டிய இடங்கள் உண்டு. முனையில் உள்ள பிளாஸ்டிக் கொக்கி ஒடிந்திருந்தால் செருகும்போது ‘டக்’ என்ற ஓசை வராது, மேசை அசைந்தாலே இணைப்பு போகும். இணைப்பின் வேகம் 1,000 எம்பிபிஎஸ்ஸுக்குப் பதில் 100 என்று காட்டினால், உள்ளிருக்கும் நான்கு ஜோடிகளில் ஏதோ ஒன்று சரியாகப் பதியவில்லை. 1,000-க்கு, அதாவது கிகாபிட்டுக்கு, நான்கும் வேண்டும், 100-க்கு இரண்டு போதும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு வயரைத் தவிர்த்து முழுச் செம்பாகக் கேட்டு வாங்குங்கள். கரண்ட் வயர் போகும் அதே குழாயில் இதையும் இழுக்கக் கூடாது.

மோடமும் அதற்கு அப்பாலும்

ரவுட்டர் பதில் தந்து 8.8.8.8 மட்டும் விழுந்தால், மோடத்தின் விளக்குகளைப் பாருங்கள். ‘லாஸ்’ (LOS) விளக்கு சிவப்பாக மின்னினால் ஃபைபரில் ஒளி வரவில்லை. மேசைக் காலுக்கு அடியிலோ கதவிடுக்கிலோ ஃபைபர் கூர்மையாக மடிந்திருக்கலாம். பிரவுசரில் ரவுட்டரின் முகவரியைத் தட்டினால் வரும் மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் ஒளியின் அளவு டிபிஎம் என்ற அலகில் தெரியும். வீடுகளில் பரவலாக உள்ள ஜிபான் என்ற ஃபைபர் வகையில் அது -8-க்கும் -27-க்கும் இடையே இருக்க வேண்டும். -19, -20 நல்ல நிலை. -26 என்று விளிம்பில் நின்றால் சிறு மாற்றமும் இணைப்பை அறுக்கும்.

அதே பக்கத்தில், மோடம் எவ்வளவு நேரமாக இயங்குகிறது என்பதும் இருக்கும். ஒவ்வொரு அறுபடலுக்குப் பின்னும் அது பூஜ்யத்திலிருந்து தொடங்கினால், பெட்டி அணைந்து எழுந்திருக்கிறது என்று பொருள். தளர்ந்த மின்செருகியோ மோடத்தின் களைத்த மின் அடாப்டரோ மின்வெட்டோ காரணம். இன்வர்ட்டர் உள்ள வீட்டில் இது ஏமாற்றும்: மின்சாரம் போய் இன்வர்ட்டர் ஏற்கும் கணநேர இடைவெளியில் மோடம் அணைந்துவிடுகிறது, மடிக்கணினி தன் பேட்டரியில் தொடர்கிறது, ஆகவே நெட் மட்டும் போனதாகத் தோன்றுகிறது. இன்வர்ட்டரில் யூபிஎஸ் மோட் பொத்தான் இருந்தால் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள், அந்த இடைவெளி குறையும். போதவில்லை என்றால் மோடத்துக்கு மட்டுமான சிறிய டிசி யூபிஎஸ் வாங்கலாம். 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்பதை மோடத்தின் மின் அடாப்டரின் முதுகில் படித்த பிறகே வாங்க வேண்டும்.

இணைப்பு நிறுவனத்தை மாற்றுவது, கேபிளில் நேரடியாக இணைத்த கணினியிலும் 8.8.8.8 விழுவதைப் பார்த்த பிறகே யோசிக்க வேண்டியது. புதிய நிறுவனம் வந்தாலும் பீரோ அதே இடத்தில்தான் நிற்கும். புகார் செய்யும்போது நெட் சரியில்லை என்று சொன்னால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்லி முடித்துவிடுவார்கள். அறுந்த நேரங்கள், கேபிளிலும் அறுந்தது என்ற செய்தி, அந்நேரத்து விளக்கு நிலை, டிபிஎம் அளவு ஆகியவற்றை முதல் அழைப்பிலேயே சொல்லிப் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வரும் ஊழியரிடம் ஒளியளவை வீட்டு முனையிலும் கம்பத்துப் பெட்டியிலும் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பத்தில் நன்றாக இருந்து வீட்டில் குறைந்தால் மாற்ற வேண்டியது நடுவிலுள்ள அந்த ஃபைபரை மட்டுமே.