ஆன்லைன் தத்துவப் படிப்பு: பாடம் அருமை, கடைசி வாரம் பாடாய்ப் படுத்திவிட்டது

ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஆன்லைனில் நடத்துகிற பத்து வாரத் தத்துவப் படிப்பு. பெயர் வேண்டாம். சான்றிதழோடு சேர்த்து 4,200 ரூபாய் ஆனது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு எழுதுகிறவள் நான், இதை வைத்து எனக்குச் சம்பளம் ஒன்றும் ஏறப்போவதில்லை, ஆசைக்குச் சேர்ந்தேன். போன வாரம்தான் கடைசி அசைன்மென்ட்டை முடித்தேன், சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதல் மூன்று வாரம் சுமார். ஆறாவது வாரம், அறிவு என்றால் என்ன என்ற பாடம் வந்ததே, அதற்கு மட்டுமே கட்டின காசு சரியாகப் போய்விட்டது. ஒன்றை நம்ப வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும், நம்பத் தக்க காரணமும் இருக்க வேண்டும், மூன்றும் சேர்ந்தால் அறிவு என்று நெடுநாளாக ஒரு கணக்கு. எட்மண்ட் கெட்டியர் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1963-ல் மூன்றே பக்கக் கட்டுரையில் அதை உடைக்கிறார். அவர் சொல்லும் உதாரணம்: ஒரு வேலைக்கு இருவர் விண்ணப்பிக்கிறார்கள். வேலை இன்னொருவனுக்குத்தான் கிடைக்கும், அவன் பையில் பத்துக் காசு இருக்கிறது என்று தகுந்த காரணத்தோடு ஒருவன் நம்புகிறான். ஆகவே வேலை கிடைக்கப்போகிறவன் பையில் பத்துக் காசு என்று முடிவு கட்டுகிறான். கடைசியில் வேலை இவனுக்கே கிடைக்கிறது, இவன் பையிலும், இவனுக்கே தெரியாமல், பத்துக் காசு. நினைத்தது உண்மைதான், ஆனால் அதைத் தெரிந்து வைத்திருந்தான் என்று சொல்ல முடியுமா? அன்றைக்கு டேலி எதுவுமே எனக்கு ஒழுங்காக வரவில்லை.

கடைசி அசைன்மென்ட் இதே பாடத்தில்தான், 1,500 சொல், சொந்தமாக ஓர் உதாரணம் தர வேண்டும். எனக்கு வீட்டிலேயே கிடைத்தது. காலை ஒன்பதுக்கு எங்கள் பகுதியில் மின்தடை என்று பேப்பரில் பார்த்து அவசரமாக மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். ஒன்பதுக்குக் கரண்டும் போனது. அப்புறம்தான் பார்க்கிறேன், அது அம்மா அலமாரியில் விரிக்க எடுத்து வைத்திருந்த போன மாதப் பேப்பர், இன்றைக்குக் கரண்ட் போனது டிரான்ஸ்பார்மர் வெடித்ததால். கெட்டியர் இருந்தால் கைகொடுத்திருப்பார்.

இதோடு தர்மோத்தரரையும் சேர்த்தேன். 8-ஆம் நூற்றாண்டுப் பௌத்த அறிஞர். இறைச்சி சுட இப்போதுதான் நெருப்பு மூட்டியிருக்கிறார்கள், புகை இன்னும் வரவில்லை, வாசனைக்குப் பூச்சிகள் மொய்க்கின்றன, தூரத்தில் நிற்பவன் அதைப் புகை என்று எண்ணி அங்கே நெருப்பு இருக்கிறது என்கிறான். அதே சிக்கல், ஆயிரம் வருஷத்துக்கு மேல் முன்னாலேயே. பத்து வாரத்தில் ஒரு வீடியோவில்கூட இதைச் சொல்லவில்லை. மணிமேகலையின் 27-ஆம் காதையில் அளவைவாதி வந்து காட்சி, கருதல், உவமம் என்று பத்து அளவைகளை, அதாவது அறிவைப் பெறும் வழிகளை, வரிசையாகச் சொல்கிறான், நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம், இவர்களோ பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. பாடத்திட்டத்தில் எனக்குள்ள பெரிய குறை இதுதான்.

இனி அந்தக் கடைசி ஞாயிறு. வீட்டில் சத்தம் தாங்காமல் ஏற்காட்டில் அக்கா வீட்டுக்குப் போனேன், இருபது கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் வயிற்றைப் புரட்டிவிட்டது. "சோறு ஆறுது, எந்திரிச்சு வாடி, ப்ளேட்டோ எங்கயும் போயிட மாட்டாரு" என்று அக்கா மூன்று தடவை கூப்பிட்டாள். மழையில் வைஃபை போய்விட்டது. செல்போனை ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி ஹாட்ஸ்பாட் எடுத்தேன். தளத்தில் கடைசி நேரம் 23:59 என்றிருந்தது. முடிவுரையைப் பாதியில் வெட்டி, 11:57-க்கு அனுப்பிவிட்டு மூச்சு விட்டேன். மறுநாள்தான் ஓரத்தில் பொடி எழுத்தில் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம், என்று இருப்பது கண்ணில் பட்டது. நம் நேரத்துக்கு விடிகாலை 5:29! முழுசாக ஐந்தரை மணி நேரம் கையில் இருந்திருக்கிறது. திருத்தி அனுப்ப வழி இல்லை, ஒருதடவை அனுப்பினால் அனுப்பினதுதான். ஒவ்வொருவர் ஊர் நேரத்தையும் காட்டுவது ஒரு பெரிய வித்தையா?

அடுத்தது மதிப்பெண். பேராசிரியர் பார்ப்பதில்லை, கூடப் படிக்கிற மூன்று பேர் போடுகிறார்கள், நாமும் மூன்று பேருக்குப் போட வேண்டும், போடாவிட்டால் நம் மதிப்பெண்ணைக் காட்டமாட்டார்கள். எனக்கு இருவர் 85-க்கு மேல் போட்டார்கள், மூன்றாமவர் 40. காரணம் ஒரே வரி: தர்மோத்தரர் பாடத்தில் இல்லை. பாடத்தில் இல்லாததைத் தேடிப் படித்ததற்கு அபராதம் என்று எடுத்துக்கொண்டேன். மேல்முறையீடு மெயிலுக்கு ஒன்பது நாள் கழித்து வந்த பதிலில் என் பெயரே இல்லை, 'அன்புள்ள மாணவரே'தான்.

மற்றபடி ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட் பற்றிய வாரம் கொஞ்சம் வறட்சி. வாராந்திர வினாடி வினா கண்ணை மூடிக்கொண்டு தேறலாம். வீடியோக்களில் ஆங்கில சப்டைட்டில் உண்டு, வேகத்தைக் குறைத்தும் கேட்கலாம்.

ஐந்துக்கு மூன்றரை. வேலைக்குப் போகிறவர்கள் தாராளமாகச் சேரலாம், கடைசி அசைன்மென்ட்டை மட்டும் ஏழாவது வாரமே எழுத ஆரம்பித்துவிடுங்கள். இவர்களிடமே அடுத்ததாகத் தர்க்கவியல் இருக்கிறது, அதற்கும் பணம் கட்டிவிட்டேன். இந்தத் தடவை கடைசித் தேதியை இந்திய நேரத்துக்கு மாற்றி, கடைக் காலண்டரில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன், முதலாளி அது என்ன ஜி.எஸ்.டி. கெடுவா என்று கேட்கிறார்.