ஒரு மணி நேரமா, மூன்று வரியா?

தினமும் எழுத வேண்டும் என்று இரண்டு விதமாக முயன்றிருக்கிறேன். முதல் தடவை நாளுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டேன். ஒன்பதாம் நாளோடு நின்றது. அடுத்த தடவை மூன்றே வரி. அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. உடனே 'சின்ன இலக்குதான் சிறந்தது' என்று தீர்ப்பு எழுதிவிடலாம், ஆனால் எதிர்த்தரப்பு லேசுப்பட்டதல்ல.

எட்வின் லாக், கேரி லேதம் என்ற உளவியலாளர்கள் பல பத்தாண்டு ஆய்வுக்குப் பிறகு சொன்னது இது: 'முடிந்தவரை செய்' என்பதைவிட, தெளிவான, கடினமான இலக்கைக் கொடுத்தால் மனிதர்கள் கூடுதலாகச் செய்கிறார்கள். நம்புகிறேன். கெடுத்தேதி உள்ள வேலைகளை நானும் அப்படித்தான் முடித்திருக்கிறேன். ஆனால் அதற்குத் திறமையும் வேண்டும், இலக்கின்மேல் பிடிப்பும் வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். கெடுத்தேதியே இல்லாத வேலையில் அந்தப் பிடிப்பு எத்தனை நாள் தாங்கும்?

ஒரு மணி நேரத் திட்டம் எனக்கு எங்கே முறிந்தது என்று நன்றாக நினைவிருக்கிறது. ஏழாம் நாள் நாற்பது நிமிடம் எழுதினேன். எழுதிய பக்கங்கள் கண்முன்னே கிடக்க, மனசு மிச்சம் இருபது நிமிடத்தையே எண்ணிக்கொண்டிருந்தது. நாளைக்கு ஈடுகட்டிவிடலாம் என்றேன். மறுநாள் கடன் எண்பது நிமிடமாகிவிட்டதால் இழுத்துப் பிடித்து அரை மணியோடு எழுந்தேன். ஒன்பதாம் நாள் கொஞ்சம் கிறுக்கினேன். பத்தாம் நாள் நோட்டைத் திறக்கவே இல்லை.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இலேயே இதை ஒரு பின்னமாக எழுதிவிட்டார்: வெற்றியை எதிர்பார்ப்பால் வகுத்தால் வருவது தன்மதிப்பு. மேலே இருப்பதைக் கூட்டினாலும் சரி, கீழே இருப்பதைக் குறைத்தாலும் சரி, விடை ஏறும். (கீழே பூஜ்யம் போட்டால் கணக்கே நடக்காது. எதிர்பார்ப்பைக் குறைப்பதும், எதிர்பார்ப்பே வேண்டாம் என்று கைகழுவுவதும் வேறு வேறு.)

மூன்று வரித் திட்டத்தின் மோசமான இரவு ஒன்று. மணி பதினொன்றே முக்கால், விளக்கை அணைத்தாயிற்று. கைபேசி வெளிச்சத்தில் இரண்டு வரி எழுதிவிட்டு, மூன்றாவதாக 'தூக்கம் வருகிறது' என்று போட்டேன். கணக்கில் சேர்த்தி.

பழக்கம் உருவாகும் விதம் பற்றி லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர 18 நாளிலிருந்து 254 நாள்வரை ஆகும் என்பது அதன் மதிப்பீடு. நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் அது காட்டியது. ஆக, ஒரு நாள் இருபது நிமிடம் குறைந்ததால் என் முதல் திட்டம் சாகவில்லை. ஈடுகட்டப் போனதில்தான் செத்தது.

சரி, மூன்று வரி தோற்கும் இடம் உண்டா? உண்டு. பரீட்சைக்கு இன்னும் இருபது நாள், படிக்க முந்நூறு பக்கம் என்றால், தினம் மூன்று பக்கம் படித்துவிட்டுத் திருப்திப்படுவது ஏமாற்று வேலை. அங்கே லாக், லேதம் சொல்வதைக் கேட்பதே நல்லது. தேதி குறித்ததற்குப் பெரிய இலக்கு, முடிவே இல்லாமல் தொடர வேண்டியதற்குச் சின்ன இலக்கு என்று இப்போது பிரித்து வைத்திருக்கிறேன்.

சின்ன இலக்கில் இன்னொரு ஆபத்து, நமக்கே தெரியாமல் அது வளர்வது. நேற்று பதினான்கு வரி வந்தது. 'இனிமேல் பத்தாக வைத்துக்கொள்ளலாமே' என்று கை அரிக்கிறது. இன்றைக்கும் மூன்றுதான்.