தடித்த அடிப்பாகமா, மெல்லிய அடிப்பாகமா?

ஓட்டக் காலணிகளில் மெத்தை போன்ற தடித்த அடிப்பாகம் கொண்டவற்றில், குதிகால் பகுதி முன்பாதத்தைவிட 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை உயர்ந்திருப்பது வழக்கம்; தரையை உணரச் செய்யும் மெல்லிய வகையில் அவ்வேறுபாடு 4 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும், அல்லது அறவே இராது. (தடிமனும் உயர வேறுபாடும் எப்போதும் சேர்ந்தே வருவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.)

குதிகால் உயர்ந்திருக்கும்போது முழங்கால் கூடுதல் சுமையை ஏற்க, கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாணும் சற்றே இளைப்பாறுகின்றன. தட்டையான காலணியில் நிலைமை தலைகீழாகிறது. ஆகவே காலணி காயத்தை ஒழிக்கிறது என்பதைவிட, சுமையை இடம் மாற்றுகிறது என்பதே நேர்மையான கூற்று. முழங்கால் வலி உள்ளவருக்கு ஆறுதல் தரக்கூடிய மெல்லிய காலணி, தசைநாண் வலி உள்ளவருக்கு வினையாக முடியலாம்.

வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை முதலில் ஊன்றுவதை 2010-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியபின், மெல்லிய காலணிக்கு மவுசு கூடியது. ஆனால் பல ஆண்டுகள் மெத்தையில் பழகிய பாதம் ஓரிரு வாரங்களில் மாறிவிடாது. அவசரப்பட்டவர்களுக்குப் பாதத்தின் நடு எலும்புகளில் நுண்முறிவு ஏற்பட்டதுண்டு. மாற விரும்புவோர் சில நிமிட ஓட்டத்தில் தொடங்கி, மாதக்கணக்கில் தூரத்தைக் கூட்டுவதே முறை.

புதிதாக ஓடத் தொடங்குபவருக்கு மிதமான தடிமனையே நான் பரிந்துரைப்பேன். எவ்வகையானாலும் விரல்நுனிக்கு முன் கட்டைவிரல் அகல இடைவெளி வேண்டும். 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் தடித்த காலணியின் மெத்தை பெரும்பாலும் தளர்ந்துவிடும்.