அட்லாண்டிக் தாண்டி வந்த படகை எங்கே கரையேற்றுவது: டிரினிடாடா, கிரெனடாவா, குராசாவோவா?

கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து செயின்ட் லூசியாவுக்கு ஏறக்குறைய 2,700 கடல் மைல். நவம்பரில் கிளம்பும் பாய்மரப் படகுகள் மூன்று வாரம் போல ஓடி கரீபியனைத் தொட்டுவிடும். அப்புறம் தீவு தீவாகச் சுற்றலாம். ஆனால் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம். ஜூன் பிறப்பதற்குள் படகைத் தெற்கே கொண்டுபோய்க் கரையேற்றி, பழுது பார்க்க ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

இடத்தை முடிவு செய்யும் முன் படகைப் பாருங்கள். பாய்மரத்தைத் தாங்கும் எஃகு வயர் பொதுவாக 19 இழை சேர்த்து முறுக்கியது. அதில் ஓர் இழை அறுந்திருந்தாலும் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. பருத்தித் துணியை வயரைச் சுற்றிப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டே வாருங்கள். அறுந்த முனை துணியைக் கவ்விக்கொள்ளும். பெரும்பாலும் வயரின் அடிமுனையைப் பிடித்திருக்கும் உலோகக் குழலுக்குள் வயர் நுழைகிற இடத்தில்தான் அது சிக்கும். வயர் மாற்ற வேண்டுமா, சுக்கான் ஆடுகிறதா, ஃபைபர்கிளாஸ் அடிப்பகுதியில் நீர் ஊறிக் கொப்புளம் வந்திருக்கிறதா? இந்தப் பட்டியல் கையில் இருந்தால்தான் ஊரைத் தேர்வு செய்ய முடியும்.

வேலை நிறைய இருந்தால் என் ஓட்டு டிரினிடாடின் சாகுவாராமாஸுக்குத்தான். 1941-இல் அமெரிக்கக் கடற்படை தளம் அமைத்த வளைகுடா அது. பாய் தைப்பவர், வெல்டிங் செய்பவர், இன்ஜின் பார்ப்பவர் என எல்லோரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். எண்ணெய், எரிவாயுத் தொழில் பழகிய நாடு என்பதால் இரும்பு வேலைக்குக் கைதேர்ந்தவர்கள் கிடைப்பார்கள். 10 டிகிரி 40 நிமிட வட அட்சரேகை. சூறாவளி இவ்வளவு தெற்கே வருவது அபூர்வம். வரவே வராது என்றும் சொல்ல முடியாது, 1933-இல் வந்திருக்கிறது.

அங்கே உண்மையான எதிரி ஈரம். நீங்கள் படகை விட்டுப்போகிற மாதங்கள்தான் மழைக்காலம். அறையைச் சும்மா பூட்டிவிட்டுப் போனால் திரும்பி வரும்போது மெத்தை, துணி, மரப்பலகை எல்லாம் பூஞ்சை. வாடகைக்காவது ஈரமுறிஞ்சும் இயந்திரம் ஒன்றை வைத்துவிட்டுப் போங்கள். மண் தரையில் நிறுத்தினால் படகைத் தாங்கும் ஸ்டாண்டுகளின் கால்கள் மழையில் புதையும். ஒவ்வொரு காலுக்கும் கீழே தடித்த பிளைவுட் போட்டிருக்கிறார்களா, எதிரெதிர் ஸ்டாண்டுகளைச் சங்கிலியால் பிணைத்திருக்கிறார்களா என்று நீங்களே குனிந்து பாருங்கள். இன்னொன்று, கிரெனடாவிலிருந்து வருகிற சுமார் 80 கடல் மைல் பாதை. 2015 டிசம்பரில் அந்தப் பாதையில் படகுகளைக் கொள்ளையடித்தார்கள். கடலோரக் காவல் படைக்குப் பயணத் திட்டம் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று படகுகளாகச் சேர்ந்து வருவது நல்லது.

கிரெனடாவில் அந்தப் பயணமே வேண்டாம். வருவதும் சுலபம், அடுத்த பருவத்தில் நேராக வடக்கே கிளம்பலாம். வசதியை மட்டும் பார்த்தால் மூன்றில் இதுவே முதல். ஆனால் 12 டிகிரியில் இருக்கும் தீவு, சூறாவளி வரும் பகுதியின் எல்லைக்கோட்டில் நிற்கிறது. 1955-இல் ஜேனட் சூறாவளி அடித்த பிறகு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் பெரிய அடி இல்லை. 2004 செப்டம்பர் 7 அன்று ஐவன் வந்தது. கரையில் நின்ற படகுகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சரிந்தன. அடுத்த ஆண்டே எமிலி. 2024 ஜூலை 1-இல் பெரில், கிரெனடாவைச் சேர்ந்த கரியக்கூவைச் சூறையாடியது. அதனால் அங்கே விடுவதாக இருந்தால் படகைத் தரையோடு பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும், பாய்மரத்தையும் இறக்கிவிட வேண்டும். நட்டு வைத்த பாய்மரம் புயலில் காற்றை வாங்கிப் படகையே புரட்டிவிடும். காப்பீட்டுப் பத்திரத்தையும் வாசித்துவிடுங்கள்: எந்த அட்சரேகைக்குத் தெற்கே படகு இருக்க வேண்டும் என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். சிலவற்றில் கிரெனடா உள்ளே, சிலவற்றில் வெளியே.

குராசாவோவும் ஏறத்தாழ அதே 12 டிகிரிதான், ஆனால் ரொம்ப மேற்கே, வெனிசுவேலா கரைக்குப் பக்கத்தில். புயல்கள் பெரும்பாலும் வடக்கே விலகிப் போய்விடும். கள்ளிச்செடி வளரும் வறண்ட தீவு. கொப்புளம் வந்த ஃபைபர்கிளாஸைச் சுரண்டிவிட்டு மாதக்கணக்கில் உலரவிட இதைவிட நல்ல இடம் இந்த மூன்றில் இல்லை. ஆம்ஸ்டர்டாமுக்கு நேரடி விமானமும் உண்டு.

சிக்கல், திரும்பி வருவதில். கிரெனடாவுக்கு 400 கடல் மைலுக்கு மேல். கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்றும் நீரோட்டமும் இரண்டுமே முகத்துக்கு எதிரே. புதிதாகப் போட்ட வயரையும் பாயையும் முதல் வாரத்திலேயே இப்படி வதைப்பதை நான் விரும்பமாட்டேன். அடுத்து பனாமா, பசிபிக் என்று போகிறவருக்கு அந்தக் கவலையே இல்லை, காற்று முதுகுப் பக்கம் இருக்கும். அவர் தயங்காமல் குராசாவோவில் கரையேற்றலாம்.

கிழக்குக் கரீபியனிலேயே இன்னொரு பருவம் சுற்றுகிறவர் டிரினிடாடையும் கிரெனடாவையும் ஒப்பிட்டால் போதும். விலை கேட்கும்போது வெறும் மாத வாடகையைக் கேட்காதீர்கள். கிரெனடாவில் பாய்மரம் இறக்கி ஏற்றும் கூலியையும் தரைப்பட்டையையும் சேருங்கள். டிரினிடாடில் ஈரமுறிஞ்சியின் வாடகையையும் மின்சாரத்தையும் சேருங்கள்.