பில்லில் நான்கு புது ஸ்பிரிங், வண்டியில் இரண்டுதான்

லிஃப்ட் செய்த, அதாவது சஸ்பென்ஷனை உயர்த்திய ஆஃப்ரோடு வண்டி வைத்திருப்பவர்கள், ஸ்பிரிங் மாற்றும் எண்ணம் இருந்தால் இதைப் படித்துவிட்டு வேலை கொடுங்கள். நான்கு ஹெவி டியூட்டி ஸ்பிரிங்குகளுக்குப் பணம் கட்டினேன். முன்பக்கம் இரண்டு புதிதாக வந்தன, அவையும் இடம் வலம் மாறி. பின்பக்கம் என்னுடைய பழைய ஸ்பிரிங்குகளையே கழுவி, கறுப்பு பெயின்ட் அடித்து, தலைமாட்டில் ஆளுக்கொரு அலுமினிய ஸ்பேசரை வைத்து மாட்டிவிட்டார்கள். பட்டறையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெயர் தெரிந்தால் ஒரு கடையைத் தவிர்ப்பீர்கள், அவ்வளவுதான். எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தால் எந்தக் கடையிலும் பிடித்துவிடலாம்.

என் வண்டி ஏற்கெனவே 2 அங்குலம், அதாவது 50 மி.மீ. தூக்கியது. முன்னும் பின்னும் சாலிட் ஆக்சில் (இரு பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் ஒரே கட்டை), நான்கு மூலையிலும் காயில் ஸ்பிரிங், அதாவது சுருள் ஸ்பிரிங். லிஃப்ட் செய்தபோது வண்டியில் ஒன்றுமில்லை. பிறகு முன்னால் இரும்பு பம்பரும் வின்ச்சும் ஏறின. பின்னால் டிராயர், இரண்டாவது பேட்டரி, தண்ணீர்த் தொட்டி. பின்பக்கம் மெல்ல உட்கார ஆரம்பித்தது. சாமான் ஏற்றிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினால் பம்ப் ஸ்டாப்பில் (ஆக்சில் அதற்குமேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) போய் இடிக்கும். எனக்கு மேற்கொண்டு உயரம் தேவைப்படவில்லை. அதே 2 அங்குலத்தில், நிரந்தரமாக ஏறிவிட்ட எடையைத் தாங்குகிற ஸ்பிரிங் வேண்டும். வேலை கொடுக்கும்போதே இதைச் சொல்லி, எதெது எத்தனை கிலோ என்று எழுதியும் கொடுத்தேன். பின்பக்கத்துக்கு 14 மி.மீ. கம்பிக்குப் பதில் 15 மி.மீ. கம்பி ஸ்பிரிங் என்று பேசி முடித்தோம்.

ஒரு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். ஸ்பிரிங்கின் வலு, ஒரு மில்லிமீட்டர் அமுங்க எவ்வளவு விசை கேட்கிறது என்ற கணக்கு. அதைத் தீர்மானிப்பவை மூன்று: கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், உண்மையில் வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை. எஃகின் வகை இந்தக் கணக்கை அதிகம் மாற்றாது. இதில் தடிமன் நான்காம் அடுக்காகப் பெருகும். மற்றதெல்லாம் அப்படியே இருக்க 14 மி.மீ.யை 15 ஆக்கினால் வலு ஏறத்தாழ 32 சதவீதம் கூடிவிடும். கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாத வித்தியாசம் இது. ஏமாற்ற இதைவிடத் தோதான பொருள் கிடைக்குமா? (சுற்றுகள் குறைந்தாலும் வலு கூடும். ஸ்பிரிங்கை வெட்டி மாட்டினால் வண்டி தாழ்வதோடு விறைப்பாகவும் ஆவது இதனால்தான். கேஸ் கட்டிங்கால் வெட்டினால் சூட்டில் எஃகின் பதம் வேறு போய்விடும்.)

ஸ்பேசர் இந்த மூன்றில் எதையும் தொடுவதில்லை. ஸ்பிரிங்குக்கும் சேஸிஸுக்கும் நடுவில் உட்கார்ந்து தன் தடிமன் அளவுக்கு வண்டியை மேலே தள்ளும். ஸ்டூலில் ஏறி நிற்பவன் உயரமாகத் தெரிவான், அவன் தூக்கும் பலம் கூடிவிடாது. காலியாக நிற்கும் வண்டிக்கு அளவான ஸ்பேசர் வைப்பதில் தவறில்லை என்பது வேறு விஷயம். வலு கேட்டவனுக்கு உயரத்தை விற்றதுதான் என் புகார்.

வேலை நடந்த அன்று உள்ளே விடவில்லை. "பாதுகாப்பு ரூல்ஸ் சார், யாரையும் விடறதில்ல." சரி, அதிலும் நியாயம் உண்டு. அமுக்கி வைத்த காயில் ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே கொன்றுவிடும். மாலையில் வண்டியை எடுக்கப் போனபோது பழைய ஸ்பிரிங்குகளைக் கேட்டேன். ஸ்கிராப்காரர் அள்ளிக்கொண்டு போய்விட்டாராம். என் பொருளை என்னிடம் கேட்காமல் அப்படி என்ன அவசரம்? அந்த இடத்திலேயே எனக்குப் பொறி தட்டியது. ஆனால் வண்டி வாசலில் கம்பீரமாக நின்றது; பின்பக்கம் முன்பைவிட நன்றாகவே எழும்பியிருந்தது. பில்லில் "ஹெவி டியூட்டி ஸ்பிரிங் 4" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். பார்ட் நம்பர் இல்லை.

ஓட்டத் தொடங்கியதும் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்னாலிருந்து "டங்" என்று ஒரு சத்தம். ஸ்டியரிங் நேராக நிற்காமல் இப்படியும் அப்படியும் அலைந்தது. திருப்பிவிட்டால் தானாகத் திரும்பி வருவதில் சோம்பல். முன்பக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. போன் செய்தால் டயர் காற்றைப் பாருங்கள் என்றார்கள். பார்த்தேன், காற்று சரியாகவே இருந்தது. அடுத்த பதில்: "புது ஸ்பிரிங் சார், செட் ஆகணும்."

புது ஸ்பிரிங் ஆரம்பத்தில் கொஞ்சம் அமர்ந்துகொள்ளும் என்பது உண்மைதான். அதனால் உயரம் சிறிது குறையலாம், வலு மாறாது. வேலை கொடுக்கும் முன்பே எடுத்து வைத்த அளவுகள் என்னிடம் இருந்ததால் அதை வைத்தே சோதித்துப் பார்த்தேன். சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் தேய்மானமும் கணக்கைக் குழப்பிவிடும். பழைய ஸ்பிரிங்கில், தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வழக்கமான சாமான்களை ஏற்றியபோது பின்பக்கம் 45 மி.மீ. இறங்கியது. 30 சதவீதத்துக்கு மேல் வலு கூடிய ஸ்பிரிங்கானால் அதே பாரத்துக்கு 34, 35 மி.மீ. இறங்க வேண்டும். ஏற்றி அளந்தேன். இறக்கம் அதே 45.

அந்த ஒரு எண் போதும். வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது உங்களுக்கு எதையும் சொல்லாது. அதே பாரத்துக்கு முன்பு எவ்வளவு இறங்கியது, இப்போது எவ்வளவு இறங்குகிறது என்பது மட்டும்தான் ஸ்பிரிங்கின் குணத்தைச் சொல்லும். இதற்கு ஜாக்கி வேண்டாம், மெக்கானிக் வேண்டாம், ஒரு அளவு டேப் போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: பம்ப் ஸ்டாப் தொடும் அளவுக்குப் பாரம் ஏற்றினால் ஸ்டாப்பும் சேர்ந்து தாங்கிக் கணக்கைக் கெடுக்கும்.

பிறகு வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பெரியவர், அதிகம் பேசாதவர். சேஸிஸைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலைத் தொங்கவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பெயின்ட் போட்ட பழசு" என்றார். ஸ்பிரிங் உட்காரும் ரப்பர் மேலேயும் கறுப்புத் தூறல். நகத்தால் சுரண்டிய இடத்தில் பெயின்டுக்கு அடியில் துரு அரித்த சின்னச் சின்னக் குழிகள். தொழிற்சாலையிலிருந்து வரும் ஸ்பிரிங்கில் வழக்கமாக எண் அச்சிட்டிருக்கும், இல்லையென்றால் லேபிளோ நிறக் குறியோ இருக்கும். இதில் ஒன்றும் இல்லை. பெயின்டைச் சுரண்டிவிட்டு வெர்னியர் வைத்தோம். 14 மி.மீ. வெளுத்ததெல்லாம் பால் என்பார்கள். என் விஷயத்தில் கறுத்ததெல்லாம் புது ஸ்பிரிங் ஆகிவிட்டது. மேலே 30 மி.மீ. ஸ்பேசர்.

முன்பக்கச் சாய்வுக்கும் அங்கேயே விடை கிடைத்தது. சில வண்டிகளில் இடது வலது ஸ்பிரிங்குகளின் நீளம் கொஞ்சம் வேறுபடும். என் வண்டி அந்த ரகம். இரண்டையும் மாற்றி மாட்டியிருந்தார்கள். லேபிளைப் படித்திருந்தாலே போதும்.

பணம் போனது ஒரு பக்கம். அந்த 30 மி.மீ. என்னென்ன செய்து வைத்திருந்தது என்று பெரியவர் காட்டியபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"டங்" சத்தம் ஷாக் அப்சார்பருடையது. என் ஷாக்குகள் 2 அங்குல லிஃப்டுக்கு என்று வாங்கியவை. அதற்கு மேல் 30 மி.மீ. ஏறியதும், வண்டி சும்மா நிற்கும்போதே ஷாக் கிட்டத்தட்ட முழு நீளத்துக்கு இழுபட்டிருந்தது. சக்கரம் கீழே இறங்க இடமில்லை. ஒவ்வொரு மேட்டிலும் ஆக்சிலின் மொத்த எடையும் ஷாக்குக்குள் இருக்கும் ராடில் தொங்கி அடிக்கிறது. ஆஃப்ரோடில் சக்கரம் தரையை விட்டுச் சீக்கிரம் எழும்புவதும் இதனால்தான். மேல்நோக்கியும் ஆபத்து உண்டு. பம்ப் ஸ்டாப் பழைய இடத்திலேயே இருக்கும்போது, ஆக்சில் அதைத் தொடுவதற்குள் ஸ்பிரிங் ஸ்பேசரின் தடிமன் அளவுக்குக் கூடுதலாக அமுங்க வேண்டும். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் அதற்குமேல் அது ஸ்பிரிங் இல்லை, இரும்புக் குழாய்.

பின் பிரேக் ஹோஸ் ஆக்சில் தொங்கும்போது வீணைக் கம்பியாக விறைத்து நின்றது. அறுந்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அதைவிட மோசம், பின் பிரேக்கின் லோடு சென்ஸிங் வால்வு. எல்லா வண்டியிலும் இது கிடையாது; இருக்கிற வண்டிக்காரர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது படியுங்கள். வால்வு சேஸிஸில் இருக்கும். அதிலிருந்து ஒரு ராட் ஆக்சிலுக்குப் போகும். பாரம் ஏறி பாடி கீழே இறங்கினால், "வண்டி கனமாக இருக்கிறது" என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். பாடி உயர்ந்தால் காலி வண்டி என்று நினைத்து, பின் சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி அழுத்தத்தைக் குறைக்கும். அதற்குத் தெரிந்தது உயரம் மட்டும்தான். முதல் லிஃப்டின்போது ராடுக்குச் சரியான பிராக்கெட் போட்டிருந்தேன். இவர்கள் இன்னொரு 30 மி.மீ. தூக்கிவிட்டு அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. விளைவு, முழுப் பாரத்தோடு நான் பிரேக் மிதிக்கும்போதும் வால்வு என்னைக் காலி வண்டிக்காரனாகவே நினைத்திருக்கிறது. முன் பிரேக்குகளே எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்திருக்கின்றன. இறக்கத்தில் மூக்கு குத்திக்கொண்டு வண்டி நிற்கத் தாமதமானதை, எடை கூடியதால் என்றே எண்ணியிருந்தேன்.

ஸ்டியரிங் அலைந்ததற்குக் காரணம் கேஸ்டர் கோணம், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. ரேடியஸ் ஆர்ம் (ஆக்சிலைச் சேஸிஸோடு இணைக்கும் நீளமான கை) கொண்ட முன் ஆக்சிலில் வண்டி உயர உயர ஆக்சில் சற்றுச் சுழன்று கேஸ்டர் குறையும்; ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வரும் குணம் போய்விடும். முன்பக்கப் புது ஸ்பிரிங்குகள் பழையவற்றைவிட உயரமாக நின்றன, யாரும் அலைன்மென்ட் பார்க்கவில்லை. பன்ஹார்ட் ராட் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) ஆக்சிலை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதும் அப்படியே கிடந்தது.

அடுத்தது புஷ், ஆர்ம்களின் முனையில் போல்ட் போகும் இடத்தில் இருக்கும் ரப்பர் உருளை. ரப்பர் புஷ்ஷின் உள் குழாய், போல்ட்டை இறுக்கிய நிலையில் பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு ஆர்ம் அசையும்போதெல்லாம் ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கும். ஆகவே வண்டியின் எடை சக்கரத்தின் மேல் உட்கார்ந்த பிறகே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால், வண்டி சும்மா நின்றாலும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். என் பின் ஆர்ம்களில் இரண்டு புஷ் கிழிந்திருந்தன. இது ஏமாற்று இல்லை, அவசரம்.

அளவுகளையும் புகைப்படங்களையும் எடுத்துக்கொண்டு போய் அந்தப் பட்டறையின் முதலாளியைப் பார்த்தேன். அவர் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்: "ஹைட் வந்துச்சா இல்லையா சார்? வண்டி எப்படி நிக்குது பாருங்க." பெயின்டைப் பற்றிக் கேட்டால், பாதுகாப்புக்கு அடித்ததாம். 45 மி.மீ. கணக்கை மேசையில் வைத்தபோதுதான் பேச்சு நின்றது. கடைசியில் பின் ஸ்பிரிங்குகளுக்கான பணத்தைத் திருப்பித் தந்தார். கூலி வராது, புஷ்ஷும் என் கணக்கில்தான். ஸ்பேசரைக் கழற்றிக்கொண்டு வந்து தரச் சொன்னார்! தரவில்லை, ஆதாரத்துக்கு வைத்திருக்கிறேன்.

நீங்கள் வேலை கொடுப்பதானால், ஸ்பிரிங்கின் பார்ட் நம்பரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். மாட்டுவதற்கு முன் பெட்டியைப் பிரித்து அந்த எண்ணோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே விடாத கடையாக இருந்தாலும் இதை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடையாது. பழைய ஸ்பிரிங்குகள் எனக்கு வேண்டும் என்று முதலிலேயே சொல்லி, அதையும் எழுதி வாங்குங்கள். பழையதைத் திருப்பித் தர வேண்டும் என்றாலே இந்த வித்தை நடக்காது. பின்பக்கம் கமான் பட்டை உள்ள வண்டியானால், பட்டையைப் புதிதாகப் போடும்போது யூ போல்ட்டும் புதிதாக இருக்க வேண்டும். பழையதையே திரும்ப இறுக்க விடாதீர்கள், கொஞ்சம் ஓடிய பிறகு மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். இன்னொன்று, கனமான ஸ்பிரிங் போட்டதால் வண்டியின் அனுமதித்த மொத்த எடை கூடிவிடாது. ஆக்சிலும் பிரேக்கும் சேஸிஸும் பழையவைதானே.

இப்போது பெரியவர் கையால் 15 மி.மீ. ஸ்பிரிங் ஏறியிருக்கிறது. அதே பாரத்துக்கு 35 மி.மீ. இறங்குகிறது. வால்வு ராடைச் சரிசெய்துவிட்டார், கேஸ்டரும் பன்ஹார்டும் சரியாகிவிட்டன. ஷாக்கின் டேம்பிங் (ஆட்டத்தை அடக்கும் திறன்) மட்டும் புது வலுவுக்குப் போதவில்லை, மேட்டில் ஏறி இறங்கியதும் ஒரு ஆட்டம் கூடுதலாக ஆடுகிறது. அது அடுத்த செலவு.

உங்கள் வண்டியில் ஏற்கெனவே ஸ்பேசர் இருக்கிறதா என்று சந்தேகமானால், ஸ்பிரிங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஆக்சிலைத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் பாருங்கள், வால்வு ராட் இருந்தால் அது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்றும் பாருங்கள். அது முடியும் வரை பாரம் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் போக வேண்டாம்.