செயற்கைக்கோள் வானொலிக்குச் சந்தா: சிங்கப்பூர்க்காரருக்கு அந்தக் காசு தேவையா?

சிங்கப்பூரில் வசிப்பவருக்குத் தேவையில்லை. அமெரிக்காவிலோ கனடாவிலோ ஓராண்டு ஈராண்டு தங்கி, ஊர்விட்டு ஊர் கார் ஓட்டப் போகிறவருக்கு மட்டும் தேவைப்படலாம். அதுவும் முழு விலைக்கு அல்ல.

இன்று செயற்கைக்கோள் வானொலி என்றாலே சிரியஸ் எக்ஸ்எம்தான். எக்ஸ்எம், சிரியஸ் என்று போட்டி போட்ட இரண்டு நிறுவனங்கள் 2008இல் ஒன்றாக இணைந்தன. அதன் அலைகள் 2320 முதல் 2345 மெகாஹெர்ட்ஸ் வரை, வட அமெரிக்காவை நோக்கி மட்டும் இறங்குகின்றன. அங்கே வாங்கிய பெட்டியைச் சாங்கியில் இறக்கினால் அது ஒரு சொல்கூடப் பேசாது.

அங்கே அதன் பலம் தூரம். நெவாடா, யூட்டா பக்கம் மணிக்கணக்காகக் கைப்பேசிக் கோபுரமே இல்லாத நெடுஞ்சாலைகளில் செய்தியும் விளையாட்டு வருணனையும் அறுபடாமல் வரும். ஒரே ஒலியைச் சுமார் 4 வினாடி இடைவெளியில் இருமுறை அனுப்புவதால், பாலத்தடியில் நுழைந்து வெளியேறும் நேரத்தில் சத்தம் நிற்காது. பலவீனம் ஒலித்தரம். குறைந்த அலைப்பட்டையில் நூற்றுக்கும் மேற்பட்ட அலைவரிசைகளைத் திணிப்பதால் பாட்டைக் கடுமையாகச் சுருக்குகிறார்கள். பேச்சுக்கு அது போதும். ஜால்ரா ஒலியைக் கவனியுங்கள்: உலோகத்தின் கணீர் போய், ஈரத்துணியில் சுற்றித் தட்டியதுபோல இருக்கும்.

புதுக் காரோடு சில மாத இலவசக் காலம் வரும். அதைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வானொலியில் 0ஆம் அலைவரிசைக்குப் போனால் பெட்டியின் அடையாள எண் தெரியும். பதிவுக்கு அதுதான் கேட்பார்கள். பதிந்த பிறகும் 'சந்தா இல்லை' என்று திரை சொன்னால், காரை வானம் தெரியும் இடத்துக்குக் கொண்டுபோய், வானொலியை 1ஆம் அலைவரிசையில் வைத்து, இணையதளத்தில் சமிக்ஞையைப் புதுப்பிக்கக் கேளுங்கள். அடித்தள கார் நிறுத்துமிடத்தில் நின்று கேட்பதுதான் பலர் செய்யும் தவறு. பெட்டியைத் திறந்துவிடும் ஆணையும் வானத்திலிருந்துதான் வர வேண்டும்.

சலுகை விலை முடியும் நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அந்த நாள் கடந்தால் முழு விலை தானாகவே அட்டையில் ஏறும். நிறுத்தப் போவதாகச் சொன்னால் பெரும்பாலும் மறுபடி ஒரு சலுகை நீட்டுவார்கள். ஆகவே முழு விலை என்பது கேட்காமல் இருப்பவர் கட்டும் விலை. சந்தாவை நிறுத்தும் வழியை எளிமையாக வைக்கவில்லை என்று 2024 நவம்பரில் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றே இந்த நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நிறுத்திய உறுதிக் கடிதம் மின்னஞ்சலில் வரும்வரை விடாதீர்கள். தமிழ்ப் பாட்டுக்காகவே கட்டுவதானால், முதலில் அலைவரிசைப் பட்டியலை வரிவரியாகப் படியுங்கள்.

இணையத்தில் அமெரிக்கக் கார் ஸ்டீரியோ வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெட்டியின்மேல் 'சிரியஸ் எக்ஸ்எம் ரெடி' என்று அச்சிட்டிருந்தால் இங்கே அது வெறும் எழுத்துதான். அதைவிடப் பெரிய தொல்லை பண்பலையில் இருக்கிறது. அமெரிக்க நிலையங்கள் 96.7, 96.9 என்று ஒற்றைப்படைப் புள்ளிகளில் மட்டுமே நிற்பதால், அந்த ஊர்ப் பெட்டிகள் 0.2 மெகாஹெர்ட்ஸ் தாவும். நம் தமிழ் நிலையமான ஒலி 968 நிற்பதோ 96.8இல். 93.3உம் 98.7உம் அழகாகக் கேட்கும், தமிழ் மட்டும் இரைச்சலோடு வரும். ஆன்டெனாவைக் குறை சொல்லி மாற்றினால் பணம்தான் வீண். சில மாடல்களில் மெனுவுக்குள் பண்பலைத் தாவலை 100 அல்லது 50 கிலோஹெர்ட்ஸ் ஆக மாற்றலாம். அந்த வசதி உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நம் பக்கத்திலும் ஒரு காலத்தில் செயற்கைக்கோள் வானொலி இருந்தது. வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனத்தின் ஆசியாஸ்டார் செயற்கைக்கோள் 2000இல் விண்ணில் ஏறி, கிழக்குத் தீர்க்கரேகை 105 டிகிரியில் நின்றது. ஹிட்டாச்சி, ஜேவிசி, பானாசோனிக், சான்யோ ஆகியவை அதற்குப் பெட்டி செய்தன. பின்னாளில் இந்தியாவில் ஏ. ஆர். ரகுமான் விளம்பர முகமாக இருந்தார். தமிழுக்குக் கேஎல் ரேடியோ, கருநாடக இசைக்கு ஸ்ருதி என்று அலைவரிசைகள் இருந்தன. நாள் முழுதும் கச்சேரி, இடையில் விளம்பரமே இல்லை. அதைக் கேட்டுப் பழகியவர்கள் இன்றும் அதன் பெயரைச் சொல்லி ஏங்குவதில் முழு நியாயம் இருக்கிறது. 2008 அக்டோபரில் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. 2009 இறுதியோடு இந்தியச் சேவை நின்றது. பழைய பெட்டியை 20 வெள்ளிக்கு யாராவது விற்றால் வாங்காதீர்கள். பிடிப்பதற்கு மேலே ஒலி இல்லை.

செயற்கைக்கோள் வானொலி சிங்கப்பூருக்கு ஏன் பொருந்தாத தொழில்நுட்பம் என்பதற்குக் கணக்கே சாட்சி. சென்னையிலிருந்து பார்த்தால் ஆசியாஸ்டார் தென்கிழக்கு வானில் ஏறத்தாழ 57 டிகிரி உயரத்தில் இருக்கும். கிழக்குப் பார்த்த சன்னலில் உள்ளங்கை அளவு ஆன்டெனாவைச் சாய்த்து வைத்தால் போதும். சிங்கப்பூர் இருப்பது கிட்டத்தட்ட 104 டிகிரி தீர்க்கரேகையில், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில். அதனால் அதே செயற்கைக்கோள் இங்கே உச்சந்தலைக்கு மேல், 88 டிகிரியில் நிற்கும். வீவக அடுக்குமாடியில் உச்சந்தலைக்கு மேல் இருப்பது மேல்வீட்டுத் தரை. 12 மாடி புளோக்கில் 5ஆம் மாடிக்காரர் ஆன்டெனாவைத் துணி காயவைக்கும் மூங்கில் கழிபோல வெளியே நீட்டினால்தான் வானம் தெரியும். நாளையே வேறொருவர் புதிய செயற்கைக்கோளோடு வந்தாலும், நேர் மேலே நிறுத்தினால் இந்தச் சிக்கல் தீராது. மண்ணுக்கடியில் ஓடும் கேபிஇ விரைவுச்சாலையில் கிலோமீட்டர் கணக்கில் தனியாக மறு ஒலிபரப்புக் கருவிகள் வைக்க வேண்டியிருக்கும்.

இங்கே வானொலி இலவசம். கார் வானொலிக்கு ஆண்டுக்கு 27 வெள்ளி உரிமக் கட்டணம் இருந்தது. 2011இலிருந்து அதுவும் இல்லை. ஒலி 968 நாள் முழுதும் வருகிறது. படைப்பாளர் நம் ஊர்ச் சாலை நெரிசலையும் தேக்கா தீபாவளிக் கடைகளையும் நம் பேச்சில் சொல்கிறார். எந்தச் சந்தா வானொலியும் இதைத் தந்துவிடாது. பண்பலை எட்டாத இடத்தில் மீலிசன் செயலியில் கேட்கலாம். பண்பலையைவிடச் சற்றுப் பின்தங்கி வரும் என்பதால், வானொலிப் போட்டிக்குத் தொலைபேசியில் அழைக்கும்போது செயலியை நம்பாதீர்கள்.

செயலியில் கேட்டால் டேட்டா தீருமே என்ற பயம் பலருக்கு. வினாடிக்கு 64 கிலோபிட் ஒலி மணிக்குச் சுமார் 29 எம்பி எடுக்கும். 128 என்றால் 58, 320 என்றால் 144. தினமும் 2 மணி நேரம், 128இல் கேட்டால் மாதம் ஏறத்தாழ 3.5 ஜிபி. இன்றைய கைப்பேசித் திட்டங்களில் இது சின்னத் தொகை. கணக்கைக் கெடுப்பது படத்தோடு ஓடும் யூடியூப். காது மட்டும் கேட்கும்போது திரைக்கு டேட்டா கொடுக்காதீர்கள்.

காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால், வானொலிக்கு அல்லாமல் இசைச் செயலிக்குக் கட்டுங்கள். ஸ்ருதி விட்டுப்போன வெற்றிடத்தை ஓரளவு நிரப்புவது அதுதான். ஸ்பாட்டிஃபை பிரீமியத்தில் 320 கிலோபிட் தரம் உண்டு. பாட்டுகளை இறக்கி வைத்து இணையம் இல்லாமல் கேட்கலாம், ஆனால் 30 நாளைக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைய வேண்டும். ஊருக்கு நீண்ட விடுப்பில் போகிறவர்கள் இதை மறந்துவிட்டு, இறக்கிய பாட்டெல்லாம் காணோம் என்பார்கள். கச்சேரிகளே முக்கியம் என்றால் யூடியூப் பிரீமியம் மேல், ஏனென்றால் அரங்குப் பதிவுகள் அங்கேதான் குவிந்திருக்கின்றன. திரை அணைந்தாலும் ஒலி நிற்காது. இரண்டுமே அடுத்து என்ன வரும் என்பதைக் கணினியிடம் விடுகின்றன. காலையில் பூபாளம், மாலையில் பூர்விகல்யாணி என்று மனிதர் ஒருவர் யோசித்து அடுக்கும் சுகம் இவற்றில் இல்லை. பட்டியலை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் செயலியோடு அவர்களைப் போராட விடாமல் சாதாரணப் பண்பலைப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுங்கள். நீட்டும் கம்பியைச் சுமார் 77 சென்டிமீட்டருக்கு இழுங்கள். 96.8இன் அலைநீளத்தில் அது கால் பங்கு. பெட்டி சன்னலோரம் இருக்கட்டும், கைப்பேசி சார்ஜரிலிருந்தும் எல்இடி விளக்கிலிருந்தும் ஒரு முழம் தள்ளி. அப்படியும் இரைந்தால் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பாருங்கள். பல வீடுகளில் குற்றவாளி அதுதான்.