நாலாம் சிலிண்டர் இன்னும் தட்டுகிறது: எஸ்டீம் டர்போவோடு இரண்டரை வருடம்

மீனாட்சிபுரத்து மாப்பிள்ளை போன வாரம் ஒரு போட்டோ அனுப்பினான். உக்கடத்தில் ஒரு பழைய சாமான் கடையில் டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற சாமான்) ஒன்று கிடக்கிறது, 12,000 ரூபாய் சொல்கிறார்கள், "மச்சான், என் எஸ்டீமுக்கு மாட்டிடலாமா?" இதற்கு போனில் மூன்று தடவை பதில் சொல்லிவிட்டேன். மூன்று தடவையும் மூன்று விதமாகச் சொன்னேன் என்று அவனே குறைப்படுவதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

என் வண்டி 2003 மாருதி எஸ்டீம் கார், 16 வால்வு. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5. சிலிண்டரைக் குடைந்து அரை மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டதில் 1298 சிசி 1316 ஆனது, அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. டர்போ தருகிற கூடுதல் காற்றழுத்தம், அதாவது பூஸ்ட், 0.6 பார். ரோட்டில் ஓட்டுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு ஒரு பக்கம், கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று கேரளத்து வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னது இன்னொரு பக்கம். அதனால் கேரளப் பக்கம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை வீட்டிலிருந்து ரெக்கவரி வண்டியில் ஏற்றி செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோய், ஓட்டிவிட்டு, அதே வண்டியில் திரும்பக் கொண்டுவருகிறேன்.

என் டர்போ 14,000 ரூபாய். சிலிண்டர் குடைகிற போரிங் பட்டறை பில் 38,100. மாப்பிள்ளைக்கு முதலில் புரிய வேண்டியது இதுதான். டர்போவின் அழுத்தம் தாங்குவதற்காக மாற்றிய பிஸ்டன், அதோடு இணையும் ராடு, இவற்றின் கணக்கு தனி; இறக்குமதி, சுங்க வரி எல்லாம் சேர்த்து பிஸ்டன் 52,000, ராடு 36,000. டர்போ என்பது கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கிற செலவு. மண்டபமும் சாப்பாடும் பட்டறையில் இருக்கிறது.

பட்டறை கோவையில், கணபதி பக்கம். பெயர் வேண்டாம், காரணம் போகப் போகத் தெரியும். முதல் நாள் பட்டறைக்காரர் 16,000 ஆகும் என்றார். சிலிண்டரைக் குடைகிற போரும் கல்லால் இழைக்கிற ஹோனிங்கும் 4,800, பிளாக்கும் (சிலிண்டர்கள் இருக்கும் பாகம்) ஹெட்டும் (அதன் மேல்மூடி) தட்டையாக்குகிற பேசிங் 3,200, கிராங்க் (ராடுகள் சுழற்றும் தண்டு) பாலிஷ் 1,500, ஹெட்டில் வால்வு கைடு, சீட்டு வேலை 8,600. இதுவரை குறை சொல்ல முடியாது. கிராங்க், பிளைவீல், ராடு எல்லாம் பேலன்ஸ் பண்ண 9,000. 7,000 ஆர்.பி.எம். சுற்றுகிற இன்ஜினில் இதில் மிச்சம் பிடிப்பவனுக்கு என்ன சொல்வது? மீதி 11,000 டார்க் (torque, முறுக்கு) பிளேட்டுக்கு.

அந்த பிளேட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹெட் போல்ட்டை முறுக்கினால் சிலிண்டரின் வாய்ப்பக்கம் லேசாக நெளியும். இது அலுமினியம் பிளாக், உள்ளே வார்ப்பிரும்பு லைனர். நெளிவது இன்னும் சுலபம். ஹெட் இல்லாமல் வட்டமாக ஹோன் பண்ணிய சிலிண்டர் ஹெட் ஏறியதும் வட்டமாக இருக்காது. அதனால் தடித்த இரும்புப் பலகையில் நாலு ஓட்டை போட்டு, ஹெட்டுக்குப் பதில் அதை அதே முறுக்கில் போல்ட் அடித்து, பிறகு ஹோன் பண்ணுவார்கள். ஃபார்முலா எல்ஜிபி 1300 பந்தயக் கார்களில் ஓடுவதும் சுசூகியின் 1.3 இன்ஜின்தானே, கோவையில் யாரிடமாவது பிளேட் இருக்கும் என்று நம்பினேன். எனக்குத் தெரிந்தவர்களிடம் இல்லை. புதிதாகச் செய்தோம். பணம் கொடுத்தது நான், பிளேட் தொங்குவது அவர் பட்டறைச் சுவரில். கேட்டால், "இங்கயே இருக்கட்டுங்க, நாளைக்கு உங்களுக்குத்தான் வேணும்" என்கிறார்.

நாலு நாள் என்றது ஏழு வாரம் ஆனது. நடுவில் ஆயுத பூஜை, அப்புறம் தீபாவளி, அப்புறம் ஹோனிங் கல் தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு நடைக்கும் எல்லையில் உள்ள வேலந்தாவளம் வழியாகப் போய் வர வேண்டும். ஒருமுறை ராத்திரியில் சாக்கு சுற்றிய பிளாக்கோடு வந்தபோது போலீஸ்காரர் நிறுத்தி, ஸ்பிரிட் கேன் என்று நினைத்து டார்ச் அடித்துப் பார்த்தார். சிற்றூர் தாலுகாக் கள்ளுக்கடைகளுக்கு நடுவில் குடியிருந்தால் சாக்கு மூட்டைக்கு அந்த மரியாதைதான் கிடைக்கும்.

இனி, நாலாம் சிலிண்டர் தட்டுகிற அந்தச் சத்தம்.

நான் போட்டது 2618 என்ற அலுமினியக் கலவையில் அடித்துச் செய்த ஃபோர்ஜ்டு பிஸ்டன். அதில் சிலிக்கான் குறைவு. அடி தாங்கும், ஆனால் சூட்டில் அதிகம் விரியும். அதனால் சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டி வைக்க வேண்டும். கம்பெனி பிஸ்டனுக்கு ஒன்றோ ஒன்றரையோ தவ் போதும் (ஒரு தவ் என்றால் இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு), இதற்கு மூன்று, மூன்றரை. பட்டறைக்காரர் இதில் சரியான ஆள். "பிஸ்டன் கைக்கு வராம நான் போர் அடிக்க மாட்டனுங்க" என்று இரண்டு வாரம் பிளாக்கைத் தொடவே இல்லை. வந்ததும் நாலு பிஸ்டனையும் தனித்தனியாக அளந்து, நம்பர் குத்தி, அந்தந்த சிலிண்டரை அந்தந்தப் பிஸ்டனுக்கு ஹோன் பண்ணினார். பிஸ்டன் ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே இடைவெளி 0.37 மி.மீ. வைக்கச் சொன்னேன், ஒவ்வொரு ரிங்காக அரத்தில் ராவிக் கொடுத்தார்.

இவ்வளவுக்கும் பிறகு, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினால் தோட்டத்து டீசல் பம்ப்செட் மாதிரி டக், டக், டக். சூடு ஏறி அலுமினியம் விரிந்ததும் அடங்கிவிடும். அந்த மூன்று நாலு நிமிடம்தான் என் பிரச்சினை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் பக்கத்து வீட்டுச் சேட்டன் மதில் மேல் தலையை நீட்டி "எஞ்சின் போயோ?" என்கிறார். இரண்டரை வருடமாக, வாராவாரம். இல்லை சேட்டா, அது அப்படித்தான் என்றால் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போகிறார். அந்தத் தலையாட்டலில் இருக்கும் இரக்கத்தைத் தாங்க முடியவில்லை.

நாலுமே தட்டினால் இது ஃபோர்ஜ்டு பிஸ்டனின் குணம் என்று விட்டிருப்பேன். நாலாவது மட்டும் உரக்கத் தட்டுகிறது. போன மாதம் வால்வு சீல் காய்ந்து நீலப் புகை வந்ததால் ஹெட்டைக் கழற்றினேன். விடுவேனா, போர் கேஜ் (உள்விட்டம் அளக்கும் கருவி) கடன் வாங்கி அளந்தேன். மூன்று சிலிண்டரில் பிஸ்டன் இடைவெளி மூன்றரை தவ், நாலாவதில் நாலேகால். கேஜோடு நேரே கணபதிக்குப் போனேன். அவர் நிதானமாக, "பிளேட் போட்டு அளந்தீங்களா?" என்றார். இல்லை. பிளேட் போட்டு ஹோன் பண்ணியதை பிளேட் இல்லாமல் அளந்தால் அந்த அளவு செல்லாது. போதாததற்கு இரண்டரை வருடத் தேய்மானம் வேறு. அவர் சொன்னது நியாயம். பிளேட் அவர் சுவரில் தொங்குகிறது என்பதும் நியாயம்தான். எனக்குக் கோபம் மட்டும் குறையவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. ஹோன் பண்ணிய பிளாக்கை மண்ணெண்ணெயில் அலசித்தான் கொடுத்தார். வெள்ளைத் துணியில் எண்ணெய் தொட்டு சிலிண்டரைத் துடைத்தேன், சாம்பல் நிறமாக வந்தது. அது கல்லின் தூள். அப்படியே பூட்டினால் ரிங்கையும் பேரிங்கையும் தின்றுவிடும். துணி துவைக்கிற கல்லில் பிளாக்கைக் கிடத்தி, வெந்நீரும் சோப்புத் தூளும் போட்டு, எண்ணெய் ஓடும் துளைகளை பாட்டில் பிரஷ் விட்டு ஒரு மத்தியானம் முழுக்கத் தேய்த்தேன். காய்ந்த உடனே எண்ணெய் பூசாவிட்டால் கண்ணெதிரே துரு ஏறும். "என் புடவைக்குக்கூட இவ்வளவு சோப்பு போட்டதில்லை" என்று வீட்டம்மா சொன்னதை இங்கே பதிவு செய்கிறேன்.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். ஹெட்டைக் கழற்றியபோது நாலு சிலிண்டரிலும் ஹோனிங் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக அப்படியே இருந்தன, சத்தம் போடுகிற நாலாவதிலும். கழற்றுவதற்கு முன் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்த்ததில் நாலுக்கும் நடுவே 5 பி.எஸ்.ஐ. கூட வித்தியாசம் இல்லை. மே மாத வெயிலில் டிராக்கில் அடித்து ஓட்டியும் எண்ணெய் குறைந்ததில்லை. பெங்களூரில் இதைவிட இரண்டு பங்கு கொடுத்துக் கட்டிய இன்ஜின் ஒன்று என் கண் முன்னால் டிராக் ஓரப் பிட்டில் பிஸ்டன் உருகி நின்றது.

ஆகவே மாப்பிள்ளை, அந்தப் பட்டறைக்குப் போகாதே. நாள் தவறுவார், பில் ஏறும், பிளேட்டைத் தர மாட்டார். டர்போவையும் வாங்காதே, அதன் ஷாஃப்ட் தேய்ந்து ஆடுகிறதா என்று விரலால் ஆட்டிப் பார்த்தாயா என்று கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. அப்படியும் வாங்கிவிட்டாய் என்றால் பிளாக்கை வியாழக்கிழமைக்குள் இங்கே கொண்டு வந்து போடு. வெள்ளிக்கிழமை நான் கணபதிக்குப் போகிறேன். நாலாம் சிலிண்டரை பிளேட் போட்டு அளந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.